நேர்மையாக நிற்கும் சக்கரம்

பரிசுச் சக்கரம் மூன்று பொருள்களால் ஆனது: சம கட்டங்களாகப் பிரித்த ஒரு வட்டப் பலகை, அது தடையின்றிச் சுழல ஓர் அச்சு, எந்தக் கட்டத்தில் நின்றது என்று காட்ட ஒரு நாக்கு. ஆடுபவர் பலகையைக் கையால் சுற்றிவிடுவார். விளிம்பில் அடித்த முளைகள் நாக்கைத் தட்டித் தட்டி ஓடும்; ‘டக டக’ சத்தம் போகப் போக இடைவெளிவிட்டு ஒலித்து, கடைசியில் ஒரு ‘டக்’கோடு அடங்கும். நின்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது அவருக்கு.

தென்காசியை ஒட்டிய இலத்தூர் போன்ற ஊர்களில் இதற்கு இடம் நிறைய உண்டு. பொங்கல் விளையாட்டு விழா, பள்ளி ஆண்டு விழா, கொடை நாள்களில் கோயில் வெளியில் முளைக்கும் கடைத்தெரு, குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் அருவிக்குப் போகும் வழியெங்கும் விரியும் சீசன் கடைகள் என்று ஆள் கூடும் இடமெல்லாம் சக்கரத்துக்கும் ஆள் கூடும். விலைக்கு வாங்கும் சக்கரங்கள் பெரும்பாலும் மேசைமேல் வைக்கும் அளவில் இருக்கும். பத்தடி தள்ளி நிற்பவருக்கும் எண் தெரிய வேண்டுமானால் மூன்று அடிப் பலகை வேண்டும். அதை வீட்டிலேயே செய்துவிடலாம். தச்சு வேலையில் கொஞ்சம் பழக்கமும் நிறையப் பொறுமையும் இருந்தால் போதும்.

சக்கரம் சுழல்வது பெரிய காரியமல்ல. எதைக் குத்தினாலும் சுழலும். எல்லாக் கட்டங்களிலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்பதுதான் கடினம். மையம், பிரிவு, சமநிலை ஆகிய மூன்றும் அதைத் தீர்மானிக்கின்றன.

மிதிவண்டிச் சக்கரம்: எளிய வழி

பலகை அறுக்க வசதி இல்லாதவர்களுக்குப் பழைய மிதிவண்டியின் முன்சக்கரமே கை கொடுக்கும். மையம், அச்சு, பேரிங் குண்டுகள் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு, ஹப்பில் இருக்கும் பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சக்கரம் வெகுநேரம் ஓடும். முன் ஃபோர்க்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் தாங்கியும் கிடைத்துவிடும். ஃபோர்க்கின் தண்டை ஓர் இரும்புக் குழாயோடு பற்றவைத்து நிமிர்த்தி நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. சக்கரத்தின் ஒரு பக்கத்தில் வட்டமாக வெட்டிய அட்டையையோ பழைய ஃபிளெக்ஸ் துணியையோ இழுத்துக் கட்டி, அதில் கட்டங்களை வரையலாம்.

இந்த வழியில் பிரிவுக் கணக்கைக் கம்பிகளே சொல்லிவிடும். மிதிவண்டிச் சக்கரங்களில் பெரும்பாலும் 32, 36 அல்லது 40 கம்பிகள் இருக்கும். அவை ரிம்மில் சம இடைவெளியில் பொருத்தப்பட்டவை. 32 கம்பி என்றால் 8 அல்லது 16 கட்டம், 36 என்றால் 12 அல்லது 18, 40 என்றால் 10 அல்லது 20 என்று தனியாக அளக்காமலே பிரித்துவிடலாம். நாக்குக்கும் அதிகம் அலைய வேண்டாம். சைக்கிள் சக்கரத்தில் அட்டைத் துண்டைச் செருகி ‘பட பட’வென்று மோட்டார் பைக் சத்தம் வரவழைக்கும் சிறுவர்களுக்கு நாக்கின் வேலை ஏற்கெனவே தெரியும்.

பலகைச் சக்கரம்: எந்தப் பலகை?

நிலையாக வைத்துக்கொள்ளப் பிளைவுட் சக்கரமே நல்லது. செங்கோட்டை வட்டாரம் மரக்கடைகளுக்கும் மரம் அறுக்கும் மில்களுக்கும் பேர்போனது என்பதால் பொருள் கிடைப்பதில் சிரமம் இல்லை. எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்றில் மூன்றடிச் சக்கரம் இரண்டு வெட்டலாம். தாங்கிக்கு வேண்டிய துண்டுகளும் மிஞ்சும். மூன்றடிச் சக்கரத்துக்கு 12 மில்லிமீட்டர் கனம் போதும். நான்கடிக்குப் போனால் 18 மில்லிமீட்டர் வேண்டும்.

பிளைவுட்டின் ரகத்தைப் பார்த்து வாங்குவது இந்த வட்டாரத்தில் மிக முக்கியம். சாதாரண பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 303, நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. இந்த எண்கள் பலகையின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் சாரல் காற்றின் ஈரத்தைக் குடித்துச் சாதாரணப் பலகை வளைந்துவிடும். வளைந்த சக்கரம் சுழலும்போது முன்னும் பின்னும் ஆடும். ஆடினால் ஒரு பக்கத்து முளைகள் நாக்கில் ஆழமாகவும் மறுபக்கத்து முளைகள் மேலோட்டமாகவும் படும். மரைன் பிளைவுட் வாங்க முடியாவிட்டால், முன்பக்கம், பின்பக்கம், அறுத்த விளிம்பு மூன்றுக்கும் ஒரே அளவு பெயின்ட் அடிக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அழகாக அடித்துவிட்டுப் பின்பக்கத்தை வெறுமனே விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை கிண்ணம்போல் குழிந்துவிடும்.

வட்டமும் பிரிவும்

வட்டம் போடக் கயிறு கட்டி இழுப்பது பலர் செய்யும் தவறு. கயிறு நீளும், சுருங்கும். ஒரு ரீப்பர் கட்டையின் ஒரு முனையில் ஆணி அடித்து, அதிலிருந்து சரியாக 45 சென்டிமீட்டரில் பென்சில் நுழையத் துளை போட்டால் அதுவே கவராயம். ஆணி குத்திய இடம்தான் சக்கரத்தின் மையம். வேலை முடியும்வரை அந்தக் குழியை மறைத்துவிடக் கூடாது. கோட்டுக்கு ஒரு நூல் வெளியே ஜிக்சா வாளால் அறுத்து, பிறகு உப்புத்தாளால் கோடுவரை தேய்த்துக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது பிரிவு. கோணமானி இல்லாமலே 24 சம கட்டங்கள் போட்டுவிடலாம். வட்டம் போட்ட அதே 45 சென்டிமீட்டர் அளவை மாற்றாமல், விளிம்பில் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டு போனால் ஆறாவது அடியில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். ஒரு வட்டத்தின் ஆரம் அதன் விளிம்பில் சரியாக ஆறு முறை அடங்கும் என்பது வடிவியலின் பழைய உண்மை. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவை இரண்டு வில்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தால் கண்டுபிடித்தால் ஆறு பன்னிரண்டாகும்; இன்னொரு முறை செய்தால் இருபத்து நான்கு. ஒவ்வொரு கட்டமும் 15 பாகை. 90 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தில் விளிம்பின் சுற்றளவு ஏறத்தாழ 283 சென்டிமீட்டர். ஒரு கட்டத்துக்கு 12 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் கிடைக்கும். எண்ணோ படமோ பளிச்சென்று எழுத அது போதும்.

இப்படிப் பாதி பாதியாகப் பிரிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. 12 சென்டிமீட்டர், 12 சென்டிமீட்டர் என்று அளந்துகொண்டே போனால், ஒவ்வோர் அடியிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் 24 அடி முடிவதற்குள் பிசகு இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குச் சேர்ந்துவிடும். கடைசிக் கட்டம் மட்டும் மற்றவற்றைவிடச் சிறுத்தோ பெருத்தோ போகும். கட்டத்தின் கோணம் எவ்வளவோ அவ்வளவுதான் அது விழும் வாய்ப்பும். அகலமான கட்டத்தில் ‘மீண்டும் முயல்க’ என்று எழுதிவிட்டு, குறுகிய கட்டத்தில் பெரிய பரிசை வைப்பது அளவுக் கோலால் செய்யும் ஏமாற்று.

அச்சு

மரத்தில் துளை போட்டு, போல்ட்டை நுழைத்துச் சுற்றினாலும் சக்கரம் சுழலும். ஆனால் ஒரு மாலை ஆட்டத்தில் துளை தேய்ந்து பெரிதாகி, மையம் நகர்ந்துவிடும். அதனால் பேரிங் வேண்டும். இரண்டு சக்கர வாகனங்களிலும் மோட்டார்களிலும் போடும் சாதாரணக் குண்டு பேரிங்கே போதும். 6204 என்ற எண் கொண்ட பேரிங்கின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, கனம் 14. பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும் என்பது மெக்கானிக்குகள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. 04-இல் தொடங்கும் வழக்கமான எண்களுக்கு அது சரிவரும். 02 என்றால் 15, 03 என்றால் 17 என்று அதற்குக் கீழே தனிக் கணக்கு.

ஒரு பேரிங் போட்டால் சக்கரம் தலையாட்டும். குடமாக ஒரு கனமான மரக்கட்டையைச் சக்கரத்தின் பின்னால் மையத்தில் ஒட்டித் திருகாணியால் முடுக்கி, அதன் இரண்டு முகங்களிலும் ஒவ்வொரு பேரிங் உட்காரக் குழி எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு இருந்தால், நட்டை முடுக்கும்போது பேரிங் நெரிபடாது. லேத் பட்டறையில் கொடுத்தால் இரும்பிலேயே இந்தக் குடத்தைக் கடைந்து தருவார்கள். பேரிங்கில் கெட்டியான கிரீஸை அடைத்து வைத்தால் சக்கரம் சோம்பிச் சுழலும். மெல்லிய எண்ணெய் போதும், இது லாரிச் சக்கரமல்ல.

சக்கரம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் பேரிங்கோடு எடை அமைந்திருக்கும் இடமும் முடிவு செய்கிறது. மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற தேன்பொத்தை தென்காசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குயவரின் பழைய கைச்சக்கரத்தில் எடையெல்லாம் விளிம்பில் குவிந்திருக்கும். ஒரு கோலால் சுற்றிவிட்டால் பானையின் கழுத்து திரளும்வரை அது ஓடும். மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி எடை இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுழற்சி நீடிக்கும். பலகைச் சக்கரத்தின் விளிம்பிலும் பின்பக்கமாக மெல்லிய மரப்பட்டை ஒன்றைச் சுற்றி அடித்தால் அதே பலன் கிடைக்கும். பலகை வளையாமலும் இருக்கும்.

முளையும் நாக்கும்

முளைகள் கட்டத்தின் நடுவில் அல்ல, இரண்டு கட்டங்களைப் பிரிக்கும் கோட்டின்மேல் வர வேண்டும். அப்போதுதான் நாக்கு கோட்டில் நின்று சண்டை மூட்டாமல், ஏதாவது ஒரு கட்டத்துக்குள் விழும். விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே துளையிட்டு, பென்சில் கனத்தில் மரக்குச்சிகளைப் பசை போட்டு இறக்கி, வெளியே நான்கு சென்டிமீட்டர் நிற்கும்படி விடலாம். ஆணி அடித்தால் குழந்தைகளின் கையைக் கிழிக்கும். அடித்தே ஆக வேண்டுமானால் தலை உருண்டையான திருகாணியாக இருக்கட்டும்.

நாக்குக்குப் பழைய தோல் பெல்ட் துண்டு மிகப் பொருத்தம். சக்கரத்தின் உச்சியில், தாங்கியோடு பொருத்தி, முனை முளைகளின்மேல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் படும்படி தொங்கவிட வேண்டும். நாக்கு விறைப்பாக இருந்தால் சக்கரம் கடைசி முளையைத் தாண்ட மாட்டாமல் பின்னால் துள்ளும். பார்ப்பவர்கள் ‘ஏமாற்று’ என்று சொல்லத் தொடங்குவார்கள். தளர்வாக இருந்தால் முளையின்மேலேயே மடங்கிக் கிடக்கும். வெயிலில் பிளாஸ்டிக் நாக்கு இளகும், ஈரத்தில் அட்டை நாக்கு துவளும். தோல் இரண்டையும் ஓரளவு தாங்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் எப்போதாவது நாக்கு முளையின் தலையில் நிற்கத்தான் செய்யும். அப்போது மறுபடி சுற்ற வேண்டும் என்ற விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதித் தொங்கவிட்டால் வாய்த்தகராறு இல்லை.

தாங்கி

மூன்றடிச் சக்கரம் காற்றுக்குப் பாய்மரம்போல நெஞ்சைக் காட்டி நிற்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சீசன் காலத்தில் வீசும் காற்று காற்றாலைகளையே ஓட்டுவது. அதற்கு முன் ஒற்றைக் கால் தாங்கி நிற்காது. முன்னும் பின்னும் நீண்ட இரண்டு அடிக்கட்டைகள், அவற்றின்மேல் நடுத்தூண், தூணுக்கு இருபுறமும் சாய்வு முட்டு, அடிக்கட்டைமேல் மணல் மூட்டை என்ற அமைப்பு பாதுகாப்பானது. அச்சு நாலரை அடி உயரத்தில் இருந்தால் சக்கரத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே நிற்கும்; பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கை எட்டிச் சுற்றலாம். சுழலும் முளையில் கைவிரல் மாட்டாமலிருக்க, சுற்றுபவரைத் தவிர மற்றவர்கள் எட்ட நிற்கும்படி ஒரு கயிறு கட்டுவது அவசியம்.

சமநிலைச் சோதனை

சக்கரத்தைப் பொருத்தியதும் நாக்கைக் கழற்றிவிட்டு மெல்லச் சுற்றிவிட வேண்டும். அது நின்றதும் அடியில் இருக்கும் கட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. இதை ஏழெட்டு முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கட்டம் அடியில் வந்தால் நல்லது. கோடுகள் ஒரே பக்கத்தில் குவிந்தால் அந்தப் பக்கம் கனம் என்று பொருள். அதற்கு நேர் எதிரே விளிம்பின் பின்புறம் ஒரு வாஷரை ஒட்டி மறுபடி சோதிக்க வேண்டும். கார் டயர் கடையில் ரிம்மில் சிறு ஈயத் துண்டைப் பொருத்துவதும் இதே வேலைதான்.

பிறகு நாக்கை மாட்டி, முழு ஆட்டத்தையும் சோதிக்க வேண்டும். 24 கட்டச் சக்கரத்தை 240 முறை சுற்றினால் ஒரு கட்டம் சராசரியாகப் பத்து முறை வர வேண்டும். ஏழு, பதின்மூன்று என்று ஏறி இறங்குவது இயல்பு. அதிர்ஷ்டம் என்பதே அந்த ஏற்ற இறக்கம்தான். ஒரு கட்டம் இருபதைத் தாண்டினாலோ, அடுத்தடுத்த நான்கைந்து கட்டங்கள் சேர்ந்தாற்போல் அதிகம் வந்தாலோ எங்கோ பிசகு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர ஆலைத் தொழிலில் இருந்த ஜோசப் ஜாகர், மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரங்கள் நின்ற எண்களைக் குறித்துவைத்து, ஒரு சக்கரம் சில எண்களின் பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்துப் பெருந்தொகை வென்றார். விடுதிக்குப் பெரும் நஷ்டம் தந்தது சக்கரத்தின் மிகச் சிறிய பிசகுதான்.

ஆடுபவரின் கையும் ஒரு பிசகுதான். மெதுவாகத் தள்ளி, வேண்டிய கட்டத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்பவர்கள் உண்டு. சக்கரம் குறைந்தது மூன்று முழுச் சுற்று சுற்றினால்தான் செல்லும் என்று விதி வைத்தால் அந்தக் கைவித்தை பலிக்காது.

கட்டத்தில் என்ன எழுதுவது?

கட்டங்களில் பரிசின் பெயரை எழுதாமல் எண்களை எழுதி, பக்கத்தில் ஒரு பட்டியல் தொங்கவிடுவது வசதி. பரிசு தீர்ந்தால் பட்டியலை மாற்றினால் போதும், சக்கரத்தைச் சுரண்டி எழுத வேண்டாம். கணக்கும் எளிது. ஒரு கட்டத்தில் 50 ரூபாய்ப் பரிசு, மூன்றில் 20 ரூபாய், எட்டில் 5 ரூபாய், மீதிப் பன்னிரண்டில் ஒரு ரூபாய் மிட்டாய் என்று வைத்தால் மொத்தம் 162 ரூபாய். 24-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 6 ரூபாய் 75 பைசா செலவு. 200 பேர் சுற்றுவார்கள் என்றால் 1,350 ரூபாய்க்குப் பரிசு வாங்கி வைத்தால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். வண்ணத்தில் அடுத்தடுத்த கட்டங்கள் வேறுபட வேண்டும். மஞ்சளில் கறுப்பு எழுத்தும் கருநீலத்தில் வெள்ளை எழுத்தும் தூரத்துக்குத் தெரியும்.

காசு வாங்கலாமா?

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் சூதாட்டம் பிறக்கும். சுற்றுக்குப் பத்து ரூபாய் வாங்கினால் மேற்சொன்ன சக்கரம் ஒவ்வொரு 24 சுற்றுக்கும் சராசரியாக 78 ரூபாயை நடத்துபவருக்குத் தரும். மேல்நாட்டு விடுதிகளில் 37 எண்கள் கொண்ட ரூலெட் சக்கரம் சராசரியாக எடுத்துக்கொள்வது 2.7 விழுக்காடு, இந்த மிட்டாய்ச் சக்கரம் 32 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. திருவள்ளுவர் சூதுக்கென்று 94ஆம் அதிகாரத்தைத் தனியே ஒதுக்கினார். தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 2003-இல் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1996-இல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில், திறமை மேலோங்கிய ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்மையான பரிசுச் சக்கரத்தில் திறமைக்கு இடமே இல்லை. பிசகில்லாமல் செய்யச் செய்ய அது முழுக்க அதிர்ஷ்டமாகிறது. ஆகவே காசு கட்டி ஆடவிட்டால் சட்டத்தின் பிடியில் சிக்க நேரும்.

காசில்லாமல் ஆடுவதற்கு வழிகள் ஏராளம். ஒரு திருக்குறள் சொன்னால் ஒரு சுற்று, நூலகத்துக்கு ஒரு புத்தகம் தந்தால் ஒரு சுற்று, பிளாஸ்டிக் பையைக் கொடுத்துத் துணிப்பை வாங்கினால் ஒரு சுற்று என்று வைக்கலாம். கட்டங்களில் பரிசுக்குப் பதில் கேள்விகளை எழுதினால் அதே சக்கரம் வகுப்பறைக்கும் போகும். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று அருவிகளின் பெயர்களை எழுதி, நின்ற பெயரைப் பற்றி ஒரு நிமிடம் பேசச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஊரும் தெரியும், பேச்சும் வரும். நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது; அந்த 240 சுற்றுச் சோதனையையே ஒரு வகுப்புக்குப் பயிற்சியாகக் கொடுத்துவிடலாம்.

விழா முடிந்ததும் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தால் அடுத்த விழாவுக்குள் வளைந்துவிடும். அச்சிலேயே தொங்கவிட்டு, முளைகளில் உரசாமல் துணி போர்த்தி, ஈரம் இல்லாத அறையில் வைக்க வேண்டும். அடுத்த முறை வெளியே எடுக்கும்போது முதல் வேலை நாக்கைக் கழற்றிச் சமநிலைச் சோதனையை மறுபடி செய்வது. ஒரு சாரல் காலம் தாண்டிய பலகை போன வருடத்துப் பலகை அல்ல.